சுவை பாராத் தளிகை

ஸ்ரிய:பதியான எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் திவ்ய தேசங்களுக்கு உற்சவ காலத்தில் வந்து கூடும் அடியார்கள், சேவை முடிந்தவுடன் நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் பிரசாதம் வழங்கப்படும் இடமே. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கண்ணுக்குத் திருமேனியும், செவிக்கு ஆழ்வார்களின் ஈரச் சொல்லும், நாசிக்குத் திருத்துழாயின் நறுமணமும் என்று ஒவ்வொரு புலனுக்கும் ஒரு பங்கு வைத்த பெருமான், நாவை மட்டும் பட்டினி போட்டுவிடவில்லை. காஞ்சியில் பேரருளாளனைச் சேவித்தவர்கள், சுக்கும் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்த்து மூங்கில் குடலையில் இலை பரப்பி வேகவைத்த இட்டலியைப் பல ஆண்டுகள் கழித்தும் நினைவு கூர்கிறார்கள். திருக்கண்ணபுரத்திற்குப் போய் வந்தவர்கள் முனியோதரன் பொங்கலைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. திருவரங்கத்தில் இரவு வேளையில் பெரிய பெருமாள் அமுது செய்தருளும் அரவணையின் இனிப்பு, அதை ஒரு முறை பெற்றவர் நாவை விட்டு அகலுவதில்லை.

ஊர் திரும்பியதும் இப்பண்டங்களைத் தம் இல்லத்து அடுப்பில் செய்து பார்க்கும் ஆவல் இயல்பாகவே எழுகிறது. செய்தும் பார்க்கிறார்கள். பின்னர், "கோயிலில் இருந்தது போல் வரவில்லையே" என்று வருந்துகிறார்கள். விறகடுப்பு இல்லை, மண்பானை இல்லை, அந்த ஊர்த் தண்ணீர் இல்லை என்று பல காரணங்களும் சொல்லப்படுகின்றன. அவற்றிற்கு உரிய பங்கு உண்டுதான். பெரும் அளவில், சீரான அனலில், நெடுநேரம் வெந்த பண்டத்திற்கும், நால்வருக்கென்று அவசரமாகக் குக்கரில் வெந்த பண்டத்திற்கும் வேறுபாடு இருக்கவே செய்யும். பல மடைப்பள்ளிகளில் இன்றும் காரத்திற்கு மிளகே பயன்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே இந்நாட்டிற்கு வந்த மிளகாய், வீட்டு அஞ்சறைப் பெட்டியில் எளிதாக இடம் பிடித்தது போல் திருமடைப்பள்ளிக்குள் இடம் பிடிக்கவில்லை. ஆனால் இவை யாவும் வெளிப்படையான வேறுபாடுகள். அதிகம் பேசப்படாத வேறுபாடு ஒன்று உண்டு. திருமடைப்பள்ளியில் தளிகை செய்யும் பரிசாரகர் அதைச் சுவைத்துப் பார்ப்பதில்லை. எம்பெருமான் கண்டருளும் வரை ஒரு பருக்கையும் அவர் நாவில் படுவதில்லை.

கோயிலாழ்வாரில் பெருமாளை எழுந்தருளப் பண்ணித் திருவாராதனம் செய்யும் இல்லங்களிலும் இதே நியமம்தான். அங்கே சமையல் என்ற சொல்லைவிடத் தளிகை என்ற சொல்லே வழங்குகிறது. சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்று பண்டத்தின் பெயரிலேயே அது யாருக்கு உரியது என்பது பொதிந்து கிடக்கிறது. இல்லத்தில் செய்ய வேண்டிய திருவாராதன முறையை எம்பெருமானார் தம் நித்யக்ரந்தத்தில் வகுத்தருளியபோது, ஆசனங்களில் ஒன்றாகப் போஜ்யாசனத்தையும் வைத்தார். ஆக, அடுப்பங்கரையும் ஆராதனத்தின் ஒரு பகுதியாயிற்று. இந்த இல்லங்களில் பிறந்து வளர்ந்த பெண்டிர்க்குச் சுவை பாராமல் சமைப்பது மூச்சு விடுவது போன்றது. பிற வீடுகளிலிருந்து வந்து வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கோ, முதல் சில மாதங்கள் இது பெருஞ்சோதனை. உப்புப் போட்டோமா, இரண்டு முறை போட்டுவிட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்த நியமம் ஏன்? ருசியறியாமல் சமைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவதைப் போன்றதல்லவா? பிறருக்குக் கொடுப்பது நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதானே அன்பு? இக்கேள்விகள் நாத்திகர் எழுப்பும் கேள்விகள் அல்ல. மனச்சான்றோடு சமைக்கும் எவர்க்கும் எழக்கூடியவை. மழுப்பிவிடாமல் இவற்றை ஆராய்வது தகும்.

கூடாரவல்லித் திருநாளன்று அக்காரவடிசில் தளிகையாகும் ஒரு வீட்டைக் கருத்தில் கொள்ளலாம். மார்கழித் திங்கள் இருபத்தேழாம் நாள். ஓர் ஆழாக்குப் பச்சரிசி, கால் ஆழாக்குப் பயத்தம்பருப்பு. இரண்டையும் ஒரு துளி நெய்யில் வாசனை வரும் வரை வறுத்து, களைந்து, வெண்கலப் பானையில் பாலோடு ஏற்றியாயிற்று. பால் ஏழெட்டு ஆழாக்கு. அடுப்பு நிதானமாக எரிய வேண்டும். சற்றே கண் அயர்ந்தாலும் அடிபிடித்துவிடும், அடிபிடித்த பாலின் நாற்றத்தை எந்த ஏலக்காயும் மறைக்காது. அரிசி பாலிலேயே குழைந்து, மத்தால் மசிக்க வேண்டிய தேவையின்றிக் கரண்டியின் முதுகிலேயே மசிய வேண்டும். அதற்கு முன்பு வெல்லத்தைச் சேர்த்துவிட்டால், அதன் பிறகு எத்தனை நாழிகை கொதித்தாலும் அரிசி வேகாது, விரைவிரையாகவே நிற்கும். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, பச்சை வாசனை நீங்கும் வரை காய்ச்சி, அனலைத் தணித்த பின்பே பாலோடு சேர்க்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும் பாலில் கொட்டினால் திரிந்து போகக் கூடும். வெல்லம் இரண்டு ஆழாக்கு. நெய் அரை ஆழாக்கிற்குக் குறையலாகாது. ஏலம், ஒரு கடுகளவு பச்சைக் கர்ப்பூரம். பச்சைக் கர்ப்பூரம் கூடிவிட்டால் கசக்கும்.

இத்தனையிலும் நாவுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரிசி வெந்ததா என்பதை விரல் நுனி சொல்கிறது. அந்த விரலை உடனே கழுவிவிடுகிறார்கள். பால் சுண்டியதைப் பானையின் விளிம்பில் படிந்த ஏடு சொல்கிறது. சேர்ந்து வந்துவிட்டதா என்பதைக் கரண்டியிலிருந்து விழும் விதம் சொல்கிறது. புளிக்காய்ச்சல் பக்குவப்பட்டதை மேலே பிரிந்து மிதக்கும் நல்லெண்ணெய் காட்டிக் கொடுக்கிறது. சாற்றமுது பொங்கிக் கொதிக்கும் முன், நுரை கூடும் நேரத்தில் இறக்க வேண்டும் என்பதைக் கண் அறிகிறது. ஆவியின் மணத்தைக் கொண்டே உப்பின் ஏற்றத்தாழ்வைச் சொல்லிவிடும் பாட்டிமார் உண்டு. மணத்தையும் வேண்டுமென்றே முகர்ந்து அனுபவிக்கலாகாது என்பது கண்டிப்பான வீடுகளின் விதி. ஆனால் அடுப்படியில் நிற்பவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க முடியாது, தானாக வந்த மணம் யார்மீது குற்றம்? நாவை மூடிவிட்டால் மற்றப் புலன்கள் விழித்துக்கொள்கின்றன. நாவை நம்பிச் சமைப்பவர் இறுதியில் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். நாவைத் துறந்தவருக்கு இறுதி என்று ஒன்று கிடையாது. அளக்கும்போதே கவனம், சேர்க்கும்போதே கவனம், இறக்கும்போதே கவனம்.

ஆனால் இது நியமத்தின் பயன். நியமத்தின் காரணம் அன்று. நல்ல சமையற்காரராக வேண்டும் என்பதற்காக எவரும் நாவைக் கட்டிக்கொள்வதில்லை.

பெரியோர் பொதுவாகச் சொல்லும் காரணம், சுவைத்துப் பார்த்தது எச்சிலாகிவிடும் என்பது. உண்மைதான். எனினும் இங்கே ஒரு தடை எழுகிறது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையை அவர் திருமகளார் முன்னதாகத் தாம் சூடிப் பார்த்தார். ஆழ்வார் அதைக் கண்டு மனம் பதைத்து, அம்மாலையைச் சாற்றாமல் விட்டார். வடபெருங்கோயிலுடையானோ அவள் சூடிய மாலையே தனக்கு உகப்பு என்று கனவில் உணர்த்தினான். சூடிய மாலை ஆகுமானால், சுவைத்த அமுது ஏன் ஆகாது? சபரி கடித்துப் பார்த்த கனிகளைப் பெருமாள் உண்டதாகவும் சொல்கிறார்களே என்பர் சிலர். வான்மீகி முனிவர் அவ்வாறு சொல்லவில்லை. காட்டில் விளைந்தவற்றைச் சேர்த்து வைத்துச் சபரி சமர்ப்பித்ததாகவே அங்கே காண்கிறது. கடித்துப் பார்த்த கதை பிற்காலத்தில் வளர்ந்தது. ஆகவே மாலையின் தடைக்கே விடை காண வேண்டும்.

ஆண்டாள் மாலையைச் சூடிக் கண்ணாடியில் நோக்கியபோது அவள் சோதித்தது எதை? மாலை அழகாக இருக்கிறதா என்பதை அன்று. அப்பெருமானுக்குத் தான் ஏற்றவளோ என்று தன்னையே சோதித்துக்கொண்டாள் என்று குருபரம்பரை கூறுகிறது. கரண்டியைக் கையில் தட்டி நக்கிப் பார்ப்பவர் பண்டத்தைச் சோதிக்கிறார், தன்னைச் சோதிப்பதில்லை. அன்றியும், விலக்கை வழங்கியவன் பெற்றுக்கொள்பவன். கொடுப்பவர் தமக்குத் தாமே அவ்விலக்கை எடுத்துக்கொள்ள இயலாது. பெரியாழ்வார் அன்று மாலையை விலக்கியது பிழையென்று எவரும் சொன்னதில்லை.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் ஒரு கடுமையான வார்த்தை சொல்லியிருக்கிறான். தன்பொருட்டே சமைப்பவர் உண்பது பாவத்தையே என்பது அதன் கருத்து. உண்பதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவன் சமைக்கும் எண்ணத்தைப் பற்றிப் பேசுகிறான் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பண்டம் ஒன்றே, பானை ஒன்றே, அதை அடுப்பில் ஏற்றும்போது "இது என்னுடையது" என்று நினைத்ததா, "இது மற்றொருவருடையது" என்று நினைத்ததா என்பதே வேறுபாடு. முதல் சுவை என்பது உரிமையின் அடையாளம். நிலத்தில் முதல் விளைச்சலை உடையவன் கொள்வதைப் போல, பானையில் முதல் துளியைக் கொள்பவர் அதன் உடையவர் ஆகிறார். அதன் பிறகு அவர் பிறருக்குக் கொடுப்பது தம் உடைமையிலிருந்து கொடுக்கும் தானம். தானம் உயர்ந்ததே. ஆனால் கொடுத்தேன் என்ற எண்ணம் அதன் பின்னாலேயே வரும். "நான் செய்த அக்காரவடிசில் எப்படி?" என்று இலைதோறும் கேட்டு நிற்கும் முகத்தில் அது தெரியும். சுவை பாராமல் சமைத்தவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி வேறு விதமானது. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து முதன்முறையாக அப்போதுதான் அதன் சுவையை அறியப் போகிறாள்.

இவ்வளவில் நியமத்தின் பெருமை விளங்குவதாகவே தோன்றும். ஆனால் இதே நியமம் தன் எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதையும் ஸம்பிரதாயமே காட்டி வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மடைப்பள்ளியின் பெருமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

1017-ஆம் ஆண்டு திருவவதரித்த எம்பெருமானார், இளையாழ்வாராகக் காஞ்சியில் இல்லறம் நடத்திய காலம். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம் அவருக்கு அளவற்ற ஈடுபாடு. நம்பிகள் வைசிய குலத்தவர். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் ஸ்வீகரிக்க வேண்டும் என்பது இளையாழ்வாரின் மனோரதம். அவரைத் தம் திருமாளிகைக்கு எழுந்தருளுமாறு வேண்டி, தேவிகளான தஞ்சமாம்பாளைத் தளிகை செய்யச் சொன்னார். அம்மையாரும் குறைவின்றிச் செய்தார். நம்பிகளை அழைத்து வர இளையாழ்வார் ஒரு வீதி வழியாகச் செல்ல, நம்பிகள் வேறு வழியாக வந்து சேர்ந்தார். கைங்கர்யத்திற்கு நேரமாகிறது என்று அவர் சொல்லவே, அம்மையார் உடனே அமுது படைத்தார். அவர் சென்றதும் இலையை எறிந்து, இடத்தைச் சுத்தி செய்து, நீராடி, கணவருக்கெனப் புதிதாகத் தளிகை தொடங்கினார். திரும்பி வந்த இளையாழ்வார் கண்டது, மெழுகிய தரையும் புதிய உலையுமே. அவர் எதற்காக அந்தத் தளிகையைச் செய்யச் சொன்னாரோ, அது எறியப்பட்டுவிட்டது.

பசியோடு வந்த ஒருவருக்குப் பழஞ்சோறு இருந்தால் இடும்படி இளையாழ்வார் சொன்னதும், இல்லை என்று அம்மையார் கூறியதும், உள்ளே சென்று பார்க்கையில் சோறு இருந்ததும் குருபரம்பரையில் வரும் மற்றொரு செய்தி.

தஞ்சமாம்பாளைப் பழித்துப் பேசுவது உபந்யாசங்களில் எளிதாகிவிட்டது. ஆனால் முதல் நிகழ்ச்சியில் அவர் செய்தது, அவர் காலத்து இல்லங்கள் அவருக்குக் கற்பித்ததையே. சுத்தமாகச் செய், எச்சிலை நீக்கு, கணவனுக்குப் புதிதாகப் படை. எல்லாம் சரியாகச் செய்தார். சரியாகச் செய்தும் தவறிப் போவது எப்படி என்பதே அந்த வரலாற்றின் கூர்மை. எந்த நியமம் "முதல் பங்கு எனக்கில்லை" என்று சொல்லிச் சமைப்பவரின் அகங்காரத்தைக் கரைக்க வேண்டுமோ, அதே நியமம் "இவர் உண்ட இடம் தீட்டு" என்று சொல்லும்போது அகங்காரத்திற்கே கோட்டை ஆகிவிடுகிறது. பானை ஒன்றுதான், மூடியும் ஒன்றுதான்.

எம்பெருமானார் இதை மறக்கவில்லை என்று கொள்ள இடமுண்டு. ஸ்ரீபாஷ்யத்தில் உபாஸனைக்குரிய அங்கங்களைச் சொல்லும்போது, முதலாவதான விவேகத்தை ஆகார சுத்தியாகவே அவர் காட்டுகிறார். பண்டத்தின் இயல்பால் வரும் குற்றம், அது யாருடையது என்பதால் வரும் குற்றம், பிற பொருள் கலந்து வரும் குற்றம் என்று மூன்று நீக்கப்பட வேண்டும். சாதாரணமாக மக்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டுமே கவனிக்கிறார்கள். வெங்காயமா, முருங்கையா, மயிர் விழுந்ததா என்று பார்க்கிறார்கள். நடுவில் உள்ளதைப் பார்ப்பவர் குறைவு. பிறரை வஞ்சித்து ஈட்டிய பொருளில் வாங்கிய அரிசியை, எத்தனை மடியாக வடித்தாலும் அந்த வஞ்சனை கஞ்சியோடு வடிந்து போவதில்லை. வேலைக்காரிக்கு மாதச் சம்பளத்தைத் தாமதப்படுத்திவிட்டு நெய்யை வழிய வழிய ஊற்றுபவரின் அக்காரவடிசிலைப் பற்றி என்ன சொல்வது?

அப்படியானால் பசித்தவரின் முன் நியமம் எப்படி நிற்க வேண்டும்? இங்கே ஆழமான ஒரு வரலாறு கைகொடுக்கிறது. கூரத்தில் பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கம் வந்த கூரத்தாழ்வான், உஞ்சவிருத்தியால் வாழ்ந்த காலம். ஒரு நாள் விடாமழை. வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் கோயிலிலிருந்து அரவணை அமுது செய்யும் ஒலி கேட்டது. "உன் அடியார் பட்டினியாய்க் கிடக்க, நீ அமுது செய்கிறாயோ" என்று ஆழ்வானின் தேவிகள் மனத்தில் நினைத்தார், வாய்விட்டும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் உத்தமநம்பி கோயில் மரியாதைகளுடன் பிரசாதத்தைச் சுமந்து வாயிலில் வந்து நின்றார். பெருமாள் நியமனம். ஆழ்வான் திடுக்கிட்டுத் தேவிகளை நோக்கி, "நீ ஏதேனும் நினைத்தாயோ" என்று வினவினார். அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு திரளை மட்டும் ஏற்றுத் தாம் சிறிது கொண்டு, மிகுதியைத் தேவிகளுக்குக் கொடுத்தார். அப்பிரசாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவியாஸ பட்டரும் பிறந்தனர் என்பது வரலாறு.

அவளுடைய நினைவை ஆழ்வான் குற்றமாகக் கருதியிருக்கலாம். அவருடைய வைராக்கியம் அப்படிப்பட்டது. பெருமாள் குற்றமாகக் கருதவில்லை. ஒரு பெண் பசியால் நினைத்த நினைவு, மணியோசையைக் கடந்து கருவறைக்குள் கேட்டிருக்கிறது. குழந்தை அழும்போதும், நோயாளி மருந்துக்கு முன் உண்ண வேண்டியிருக்கும்போதும், இன்னும் திருவாராதனம் ஆகவில்லை என்று சொல்லிப் பானையை மூடி வைக்கும் வீடு, அரவணையை அனுப்பியவனின் திருவுள்ளத்தை அறிந்த வீடாகுமா? முதல் சுவை சமைப்பவருக்கு இல்லை என்பதற்குத்தான் நியமம். பசித்தவருக்கு இல்லை என்பதற்கன்று. பழுத்த அனுபவமுள்ள பாட்டிமார் இதைச் சாஸ்திரம் படிக்காமலேயே அறிந்திருந்தனர். குழந்தைக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் பருப்புஞ்சாதத்தைத் தனியே முன்னதாக வைத்துவிட்டுப் பிறகு பெருமாள் தளிகையைத் தொடங்கினார்கள். எவரும் அவர்களை ஆசாரம் கெட்டவர் என்று சொன்னதில்லை.

சமைத்தவர் சுவை பார்க்கலாகாது என்றால், உண்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. ஆனால் அது வசதியாக மறக்கப்பட்டுவிட்டது. பிரசாதத்தில் குற்றம் சொல்லலாகாது. உப்பு மிகையானாலும், புளி தூக்கலானாலும், முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஒரு நியமம். ஒரு பாதியைப் பெண்ணின் மேல் ஏற்றி, மறு பாதியை ஆண்கள் கைவிட்ட வீடுகளில் தளிகை ஒரு கொடுமையாகவே முடியும். சுவை பார்க்கவும் கூடாது. சுவை தவறினால் வசவும் கேட்க வேண்டும் என்றால், அவள் எங்கே போவாள்? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் கணவர், சற்று முன்பு கோயிலாழ்வார் முன் நின்று தாமே மணியடித்து அமுது செய்வித்ததை மறந்துவிடுகிறார். அவர் தள்ளியது மனைவியின் சமையலையா, பெருமாளின் சேஷத்தையா?

கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் எம்பெருமான் இக்கேள்விக்கு நின்ற திருக்கோலத்திலேயே விடை சொல்லிக்கொண்டிருக்கிறான். மார்க்கண்டேய முனிவரின் மகளாக வளர்ந்த பூமிப்பிராட்டியை மணம் கேட்டு, முதியவர் வேடத்தில் அவன் வந்தான். முனிவர் தயங்கினார். பெண் மிகவும் சிறியவள். உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள் என்றார். அப்படியானால் உப்பில்லாமலேயே உண்பேன் என்றான் வந்தவன். நம்மாழ்வார் ஒப்பாரில்லாத அப்பன் என்ற கருத்தில் பாடிய ஒப்பிலியப்பன், மக்கள் வாயில் உப்பிலியப்பன் ஆனான். இன்றளவும் அவனுக்கு எல்லாத் தளிகையும் உப்பின்றியே. உப்புச் சேர்ந்த பண்டத்தை ஸந்நிதிக்குள் கொண்டு செல்வதும் கிடையாது. அங்கே பிரசாதம் பெற்றவர்கள், உண்ணும்போது உப்பில்லை என்ற நினைவே வரவில்லை என்கிறார்கள். மனைவிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பதை மாமனார் ஒரு குறையாக எடுத்துச் சொன்னபோது, அவளைக் கற்றுக்கொள்ளச் சொல்லாமல் தன் நாவை மாற்றிக்கொண்டவன் அவன். மணமக்களை அழைத்துக்கொண்டு அந்த ஸந்நிதிக்குச் செல்லும் குடும்பங்கள், இந்தச் செய்தியை மாப்பிள்ளையின் காதில் போடுவதுண்டா என்று தெரியவில்லை. போட்டால் நல்லது.

சமைத்தவள் கடைசியில் உண்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரௌபதியின் அட்சய பாத்திரம் அவள் உண்ணும் வரை வற்றாது. அவள் உண்டதும் அன்றைக்கு முடிந்தது. கடைசியில் உண்பதை அவள் குறையாக எண்ணவில்லை. ஏனெனில் அவளுக்கு அது நிச்சயமாக இருந்தது. கடைசியில் உண்பவளுக்கு அடிப்பானையில் தீய்ந்தது மட்டும் மிஞ்சும் வீட்டை அதனோடு ஒப்பிடக் கூடாது. விரும்பிப் பின்னால் நிற்பது வேறு; பின்னால் நிறுத்தப்படுவது வேறு.

இக்காலத்தில் மண்ணடுப்பும் கல்சட்டியும் ஈயச்செம்பும் அரிதாகிவிட்டன. எரிவாயு அடுப்பில், கணவனும் மனைவியும் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், ஒரு சிறு கிண்ணத்தில் சாதமும் பருப்பும் நெய்யும் வைத்துத் திருத்துழாய் சேர்த்துக் கண்டருளப் பண்ணுவதே பல வீடுகளில் முடிகிறது. கடையில் அரைத்த மாவை வாங்கி இட்டலி வார்ப்பது தளிகையாகுமா என்று சிலர் கவலையோடு கேட்கிறார்கள். ஆசார விதிகளை அவரவர் ஆசார்யர்களிடம் தெரிந்துகொள்வதே முறை. எனினும், இலையோ பூவோ பழமோ நீரோ போதும் என்று அருளிய பெருமானுக்கு, பரபரப்பான காலையில் ஒரு கணம் கையை நிறுத்தி, நாவையும் நிறுத்தி வைத்த கிண்ணம் சிறியதாகத் தோன்றாது. வேலைக்குப் போகும் வீடுகளில் ஆண்களும் கரண்டி பிடிக்கத் தொடங்கியிருப்பது ஒரு நன்மை. கோயில் மடைப்பள்ளிகளில் ஆண்டாண்டுக் காலமாகச் சமைப்பவர்கள் ஆண்கள்தாம் என்பதை வீட்டு ஆண்கள் நினைவில் கொள்வது நலம்.

கூடாரவல்லிக்கே மீண்டும் வரலாம். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆய்ப்பாடிச் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கினர். இருபத்தேழாம் நாள், நெய் முழங்கை வரை வழியும் பாற்சோற்றை அவர்கள் வேண்டுகிறார்கள். ருசியை வெறுத்திருந்தால் அவ்வளவு நெய்யைக் கேட்டிருக்க மாட்டார்கள். இருபத்தைந்து நாள் விலக்கி வைத்ததை, தனித்தனியே அவரவர் வீட்டு மூலையில் நின்று கேட்கவும் இல்லை. எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்பதற்கே கேட்கிறார்கள். அதே கோதை, திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடாவில் வெண்ணெயும் நூறு தடாவில் அக்காரவடிசிலும் நேர்ந்து பாடி வைத்தாள். பாடியதோடு சரி, செய்து சமர்ப்பிக்கும் காலம் அவளுக்கு வாய்க்கவில்லை. எம்பெருமானார் பிற்காலத்தில் அந்தப் பிரார்த்தனையைத் தாம் நிறைவேற்றிவிட்டு வில்லிபுத்தூர் சென்று சேவித்தபோது, தமையன் ஸ்தானத்தில் வைத்து அவரை அவள் கோயிலண்ணன் என்று அழைத்தாள் என்பர். அந்த நூறு தடாவையும் சமைத்தவர்கள் யாரும் சுவை பார்த்திருக்க மாட்டார்கள். நேர்ந்துகொண்டவளும் பார்க்கவில்லை.

கூடாரவல்லியன்று அந்த வீட்டிலும் மணி அடித்தாயிற்று. திரை விலகியது. இலைகள் விரிந்தன. வெண்கலப் பானையைச் சுமந்து வந்து, கரண்டியால் எடுத்து ஒவ்வோர் இலையிலும் இட்டுவிட்டு, தானும் கோடியில் ஓர் இலை போட்டுக்கொண்டு அமர்கிறாள் இல்லத்தரசி. வீட்டின் பெரியவர் முதல் கவளத்தை வாயில் இடுகிறார். வெல்லம் சற்றுக் குறைவுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் உண்கிறாள், அவளுக்கும் தெரிகிறது. எழுந்து உள்ளே போய் வெல்லப்பாகுக் கிண்ணத்தை எடுத்து வந்து, வேண்டுவோர்க்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு போகிறாள்.